கக்கூஸுக்கு யார் விடுவார் சாவா மூவாப் பேராடு?

சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுத் திரும்பிவிடவில்லை. விளக்கோடு ஆடுகளையும் கொடுத்தார். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. சில ஊர்களில் 90. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு தட்டியதையும் செத்ததையும் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அதனால்தான் கல்வெட்டில் அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. மந்தையில் நிற்கிற ஆடு ஒவ்வொன்றும் ஒருநாள் சாகும். மந்தையின் கணக்கு சாகாது.

விளக்கு வாங்குவது ஒருநாள் செலவு, நெய் ஊற்றுவது ஆயுள் செலவு. இது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் குடிசைப் பகுதிகளின் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அந்தக் கட்டிடங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே முகம்தான். வாசல் சுவரில் பளபளக்கும் கருங்கல் பலகை. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், நன்கொடை தந்த நிறுவனமோ சங்கமோ, தேதி. பலகையில் தூசு இருக்கும், எழுத்து அழிந்திருக்காது. அதற்குப் பக்கத்திலேயே கதவு, கதவில் பூட்டு.

ஒரு பொதுக் கழிப்பறை எப்படிச் சாகிறது என்பதைச் சொல்லிவிடலாம். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. முதலில் பல்பு போகும். நாற்பது ரூபாய் பல்பை மாற்றுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சம் போனதும் இரவில் பெண்கள் வருவது நிற்கும். அடுத்து ஒன்றிரண்டு தாழ்ப்பாள்கள். பிறகு தண்ணீர். கோவைக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு சாதி: சிறுவாணியோ பில்லூரோ குழாயில் வருவது 'நல்ல தண்ணி', ஆழ்குழாயில் இறைப்பது 'உப்புத் தண்ணி'. கழிப்பறைக்கு எப்போதும் உப்புத் தண்ணிதான். அந்த உப்பு குழாய் வாயிலும் வால்விலும் வெள்ளைப் பொருக்காகப் படியும். கோடையில் ஆழ்குழாய் இறங்கும், மோட்டார் காற்றை இழுத்து எரியும். காயில் கட்டப் பணம் வேண்டும். அதற்குள், சுத்தம் செய்ய வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி நிற்கும். மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார். கடைசியாக செப்டிக் டேங்க் நிறையும். லாரியைக் கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவது? கழிவு பீங்கானில் மேலேறிய நாளில் யாரோ ஒருவர் கதவைச் சாத்திப் பூட்டுவார். பார்க்கப்போனால் அது பொறுப்பான செயல்.

இத்தனைக்கும் கட்டியவர் ஏமாற்றவில்லை, சிமெண்டில் கலப்படம் இல்லை. கொடுத்த பணம் கொடுத்த வேலைக்குத்தான் போயிருக்கிறது. விளக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஆடு விட யாருக்கும் தோன்றவில்லை.

எலி சாதி பார்க்காத காலம்

கொங்கு நாட்டுக்குத் தர்மம் புதிதல்ல. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. வெள்ளைக்காரன் மொழியில் இருந்து நோயின் பெயரை எடுத்து அம்மனுக்கே சூட்டிய ஊர் இது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்ப வந்து தின்றது. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டில் குடிசை போட்டுத் தங்கினார்கள். எலியில் இருந்து தாவும் தெள்ளுப்பூச்சிக்குப் பெரிய வீடு, சின்ன வீடு தெரியாது. ஆகவே பெரிய வீட்டுக்காரர்களும் யோசித்தார்கள்.

அந்த யோசனையின் பலன் இன்றைய கோவை. நெரிசலான பழைய ஊருக்கு மேற்கே அகலத் தெருக்களோடு ஆர்.எஸ்.புரம் எழுந்தது. அந்த இரண்டு எழுத்துகள் நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரைக் குறிப்பவை. மலையில் இருந்து சிறுவாணியைக் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியும் பேசியும் வந்தவர் சே.ப.நரசிம்மலு நாயுடு, 1930-ஐ ஒட்டி அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்து சேர்ந்தது. கோவை மக்கள் இன்றும் விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்கிற தண்ணீர் ஒரு தொற்றுநோய்க் காலத்துப் பயத்தில் கேட்டு வாங்கியது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்று. ஆர்.எஸ்.புரத்துக்குக் குடிபோக முடிந்தவர்கள் போனார்கள். முடியாதவர்கள் குளக்கரைக்குப் போனார்கள். நொய்யல் வாய்க்கால்களால் நிரம்பும் முத்தண்ணன் குளம், வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் இவற்றின் கரைகளில் குடிசைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. பஞ்சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் பட்டறைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வீடு வேண்டாம் என்று ஊர் நினைத்தால், ஆள் குளக்கரையில்தான் இருப்பார்.

அதே காலத்தில்தான் பீளமேட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926-இல் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் பிறந்தது இப்படித்தான். இதை வெறும் கொடை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் மிஞ்சியதை எடுத்துத் தருவது கொடை. தர்மத்தை இன்னொரு பிள்ளையாக வரித்து, அதற்கும் பத்திரத்தில் பங்கு எழுதுவது வேறு. பங்கு கிடைத்த பிள்ளை தானே சம்பாதிக்கும், தானே வளரும். பள்ளியாக, பொறியியல் கல்லூரியாக, 1985-இல் மருத்துவக் கல்லூரியாக அது வளர்ந்தது. சாவா மூவாப் பேராட்டை மில் முதலாளிகள் புரிந்துகொண்ட விதம் இது.

ஊசிக்கு உண்டு, சாக்கடைக்கு இல்லை

இந்த வழியில் கோவை கட்டியவை பெரும்பாலும் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி. லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் ஜி.குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952-இல் வந்தது. எஸ்.என்.ஆர். அறக்கட்டளை 1970-இல் தொடங்கி ராமகிருஷ்ணா மருத்துவமனையைக் கட்டியது. 1985-இல் சங்கரா கண் மருத்துவமனை, பின்னால் மதுரையில் இருந்து வந்த அரவிந்த். இன்று கேரளத்தில் இருந்தும் மேல்நாடுகளில் இருந்தும் வைத்தியத்துக்கு இங்கே வருகிறார்கள் என்றால் அதற்கு அடியில் இந்தத் தர்மக் கணக்குகள் கிடக்கின்றன.

இதில் 1996-இல் சிங்காநல்லூரில் தொடங்கிய சாந்தி சோஷியல் சர்வீசஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாந்தி கியர்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய சுப்பிரமணியம் அமைத்தது. மலிவு விலையில் சாப்பாடு, மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பெட்ரோல் பங்க், தகன மேடை என்று அது வளர்ந்துகொண்டே போனது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது பத்திரிகைகளுக்கு அவர் படம் கிடைப்பதே கஷ்டமாக இருந்திருக்கும். அவ்வளவு ஒதுங்கி இருந்தவர். அங்கே சாப்பாடு இலவசம் அல்ல, விலை உண்டு. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் தலைகுனியாத விலை. தினமும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை முதல் நாளே கணக்கில் வைத்துத் தொடங்கிய தர்மம் அது. பலகையில் பெயர் போட்டுக்கொள்ளாதவர்தான் நெய்க்கு வழி செய்துவைத்தார் என்பது தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய தர்ம ஊரில் நோய் வந்த பிறகு பார்ப்பதற்குக் கிடைக்கிற பணம், வராமல் பார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடத்த எந்தச் சங்கமும் முன்வரும். பந்தல், பிரஷர் கருவி, சர்க்கரைப் பரிசோதனை, மாத்திரைப் பொட்டலம், குரூப் போட்டோ. குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரையும் கொடுப்பார்கள். அரசே 2015-இல் இருந்து ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் தருகிறது. மாத்திரை வயிற்றில் இருக்கிற புழுவைக் கொல்லும். வாசலுக்கு வெளியே மண்ணில் கிடக்கும் முட்டையை என்ன செய்யும்? சில மாதங்களில் அதே குழந்தையின் வயிற்றில் அதே புழு. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் இதே வட்டம்தான்.

பெண்களின் கதை இன்னும் மோசம். கழிப்பறை பூட்டியிருந்தால், அல்லது இரவு ஒன்பதுக்கு மேல் பூட்டிவிடுவார்கள் என்றால், அவர்கள் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது. அதன் விலை சிறுநீர்த் தொற்று. முகாமில் வந்து எரிச்சல் என்று சொன்னால் மாத்திரை கிடைக்கும். சாவி கிடைக்காது.

கழிப்பறைக்கு நம் பேச்சில் வழங்கும் 'கக்கூஸ்' டச்சுக்காரன் விட்டுப்போன சொல் என்பார்கள். அந்தப் பொருளுக்குச் சொந்தச் சொல்லைப் புழங்கக்கூட நமக்குக் கூச்சம். பூப்பெய்திய பெண்ணுக்கு ஊரழைத்துச் சீர் செய்கிற நாட்டில், மாதவிடாய்த் துணியைப் பற்றிப் பேசியதற்காகக் கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம் ஒரு காலத்தில் ஊர்க்காரர்களால் கிறுக்கன் என்று ஒதுக்கப்பட்டார். பத்மஸ்ரீ 2016-இல்தான் வந்தது. அவரும் நாப்கினைத் தானமாகக் கொடுக்கவில்லை. சிறு இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். நாப்கின் தீர்ந்துபோகும், இயந்திரம் இருக்கும்.

இரண்டு சதவீதத்தின் குணம்

2014 ஏப்ரல் முதல் தர்மத்துக்குச் சட்டமும் வந்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சுகாதாரமும் பாதுகாப்பான குடிநீரும் உண்டு. 'குடிசைப் பகுதி மேம்பாடு' பின்னால் சேர்க்கப்பட்டது. பம்ப், நூல், வார்ப்படம், பின்னலாடை என்று பெருந்தொழில் உள்ள கொங்குப் பகுதியில் 'சி.எஸ்.ஆர். பணம்' என்பது இன்று பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் தெரிந்த சொல்.

பணம் பெருகியது. அதன் குணம் மாறவில்லை. நிதியாண்டு மார்ச்சில் முடியும். முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டும். கட்டிடம் காட்டச் சுலபம். போட்டோ உண்டு, அளவு உண்டு, பில் உண்டு. துப்புரவு செய்யும் பெண்ணுக்கு ஐந்து ஆண்டுக் கூலி என்று ஆண்டறிக்கையில் படம் போட முடியுமா? தொடர்ந்து நடக்கிற வேலைக்குப் பணத்தை ஒதுக்கி மூன்று ஆண்டு வரை கொண்டுபோகலாம் என்று 2021-இல் விதியைத் தளர்த்தினார்கள். மூன்று ஆண்டு என்பது ஒரு செப்டிக் டேங்க் ஒரு முறை நிறைகிற காலம்.

அரசின் பக்கமும் இதே சாய்வுதான். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்கிறது நமக்கு நாமே திட்டம். நல்ல திட்டம். கொங்குப் பகுதிக்குக் கை நீட்டி வாங்கியதை விடக் கை நிறையப் போட்டுத்தான் பழக்கம். ஆனால் அந்தப் பணத்தில் எழுவதும் கட்டிடமே.

வெளிநாட்டுப் பணத்துக்கோ 2020-இல் கதவு இன்னும் ஒடுங்கியது. அந்நிய நன்கொடைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-இல் இருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் வாங்கும் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதைப் பகிர்ந்து தரவும் முடியாது. சந்துக்குள் நுழைந்து வேலை செய்கிற சின்ன அமைப்புகள் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் பணம் பெற்றுவந்தன. கழிப்பறையைப் பொறுத்தவரை, பராமரிப்புக்கு ஆள் வைப்பதும், பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவதும் 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் போய் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. உண்மையில் வேலையே அதுதான்.

காவிரிக்கரையில் ஐம்பது காசு

கிழக்கே திருச்சிக்குப் போனால் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1987-இல் தாமோதரன் தொடங்கிய கிராமாலயா, லண்டனின் வாட்டர் எய்ட் தர்ம நிறுவனத்தின் பணத்தோடு 2000-ஐ ஒட்டித் திருச்சிக் குடிசைப் பகுதிகளுக்குள் இறங்கியது. அங்கேயும் பாழடைந்த கழிப்பறைகள்தான் இருந்தன. பணத்தைக் கட்டிடத்தில் மட்டும் கொட்டாமல், அந்தந்தப் பகுதிப் பெண்களைக் குழுவாக்கி, கழிப்பறையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். வாசலில் ஒரு பெண் முறை போட்டு உட்காருவார். உபயோகிப்பவர் ஐம்பது காசு தருவார். குழந்தைகளுக்கென்று சின்ன அளவில், பயமில்லாமல் உட்காரும்படி தனிக் கழிப்பறை. வசூலில் துப்புரவுக் கூலி, பினாயில், கரண்ட் பில். மிச்சம் குழுவின் வங்கிக் கணக்கில். 2002-இல் கல்மந்தை என்கிற குடிசைப் பகுதி, திறந்தவெளியில் யாரும் போவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. நாடு முழுக்கத் தூய்மை இந்தியா இயக்கம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாசலில் சில்லறையோடு உட்கார்ந்த பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பக்கத்தில் முசிறியில் இன்னும் வேடிக்கை. சுப்புராமனின் ஸ்கோப் அமைப்பு கட்டிய கழிப்பறையில், போகிறவருக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள். கழிவு எருவாகும், சிறுநீர் உரமாகும், ஆகவே கொண்டுவந்து தருபவருக்கு விலை. காசு சில பைசாதான். ஆனாலும் எது கழிவு, எது சரக்கு என்ற கணக்கைத் தலைகீழாக்கிய யோசனை.

காசு வாங்குவதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் உள்ள வீடு. தலைக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு இரண்டு ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய். சொந்த வீட்டில் கழிப்பறை வைத்திருக்கிற நான் மாதம் 600 ரூபாய் அதற்கென்று தருவதில்லை. குடிசைக்காரர் மட்டும் உடம்பின் ஒவ்வொரு அழைப்புக்கும் சில்லறை எண்ண வேண்டும் என்பது என்ன நியாயம்? குடும்பத்துக்கு மாத அட்டை போடலாம், சிறுநீருக்குக் காசு கேட்காமல் விடலாம். அப்படிச் செய்தால் வசூல் செலவுக்குப் பற்றாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தர்மம் வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்துக் கேள்வி

கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம். 1930-இல் அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் ஒரு பக்கம், இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ. ஆலை ஒரு பக்கம். அடுத்த ஊர் நரசிம்மநாயக்கன்பாளையம். ஆலைக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். நம்மூர் வளவு போல ஒரே கூரை வரிசை, பல குடும்பம், பொதுவில் கழிப்பறை. 2015-இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் முன்னோட்டத்துக்கு எடுத்துக்கொண்ட இடங்கள் திருச்சி மாநகரமும் இந்த இரண்டு பேரூராட்சிகளும். பணம் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையுடையது. பெங்களூருவின் மனிதக் குடியிருப்புகளுக்கான இந்திய நிறுவனம் முன்னின்றது. கிராமாலயாவும் கோத்தகிரியின் கீஸ்டோன் பவுண்டேஷனும் கூட இருந்தன.

அமெரிக்கக் கோடீஸ்வரரின் பணம் வந்தது என்றதும் கட்டிடம் தேடிப் போனால் ஏமாற்றம். இந்தப் பணம் முதலில் ஒரு கேள்விக்குச் செலவானது: கழிப்பறைக்குள் போனது பிறகு எங்கே போகிறது? வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பலர் செப்டிக் டேங்க் என்று சொன்னது சும்மா ஒரு குழி. அடியில் தளம் இல்லாமல், நடுத்தடுப்பு இல்லாமல், கழிவை மண்ணுக்குள் விடுகிற குழி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைப் பத்து ஆண்டாகியும் எடுக்காதவர்கள், 'எங்க டேங்க் நெறையறதே இல்லீங்க' என்று பெருமையாகச் சொல்வது நம் ஊர்களில் சகஜம். நிறையாத டேங்க் என்றால் பக்கத்துக் கிணற்றில் இருக்கிறது என்று பொருள்.

அப்புறம் லாரி. டேங்கில் உறிஞ்சியதை அது எங்கே ஊற்றும்? ஓடையிலோ காட்டிலோ இருட்டில் திறந்துவிட்டுத் திரும்பும். ஓட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. கொண்டுபோய்க் கொட்ட இடமே இல்லாதபோது அவர் என்ன செய்வார்? கோவை மாநகரில் உக்கடம், ஒண்டிப்புதூர், நஞ்சுண்டாபுரம் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. இந்தப் பேரூராட்சிகளுக்கு அப்போது அப்படி எதுவும் இல்லை. இந்த வேலையின் முடிவில்தான் இரண்டு ஊருக்கும் பொதுவாக, லாரிக் கழிவை வாங்கிப் பிரித்துக் காயவைக்கும் நிலையம் ஒன்று அமைந்தது. தமிழ்நாட்டில் இந்த வகையில் முதலாவது 2017-இல் கருங்குழியில் வந்தது. ஒரு கழிப்பறைக்கு அடியில் இவ்வளவு பெரிய சங்கிலி இருக்கிறது. எந்தக் கண்ணியும் பலகை மாட்ட ஏற்றதல்ல.

அதே அறக்கட்டளை 2011-இல் 'கழிப்பறையைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்' என்று உலக ஆய்வாளர்களுக்குச் சவால் விட்டது. அதில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆட்கள் உருவாக்கிய, தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் கருவிகள் கோவையிலும் களத்தில் சோதிக்கப்பட்டன. கெட்டிக்காரத்தனமான இயந்திரம்தான். ஆனால் பல்பு மாற்ற ஆளில்லாத இடத்தில் அது எத்தனை நாள் ஓடும் என்பதை எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது.

குளக்கரையில் இருந்து குப்பைமேட்டுக்கு

2016 ஜனவரியில் முதல் பட்டியலிலேயே கோவை ஸ்மார்ட் சிட்டி ஆனது. குளங்கள் அழகாகின. நடைபாதை, விளக்கு, ஞாயிறு மாலைக் கூட்டம். கரையில் இருந்த குடும்பங்கள் வெள்ளலூர், கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் அடுக்குமாடிகளுக்குப் போயின. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, அதுவரை பார்த்திராத வசதி, குறை சொல்லக் கூடாது. ஆனால் வெள்ளலூரில் ஊரின் மொத்தக் குப்பையும் சேரும் கிடங்கு இருக்கிறது. 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது புகை யார் வீட்டுக்குள் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுக்குமாடியில் சாவது கழிப்பறை அல்ல, மோட்டார். மோட்டார் நின்றால் நான்காம் மாடிக்கு ஒவ்வொரு குடமும் படியேறிப் போக வேண்டும், அந்தக் குடத்தில் பாதி கழிப்பறைக்கு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. குடியிருப்போர் சங்கம் மாதாமாதம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான் பார்த்தவரை ஆடு விடுவதற்கு மிக அருகில் வருகிற அரசுத் திட்டம் இதுதான். இதில் மூன்றாவது கையாக ஒரு தர்ம நிறுவனம் சேர்ந்துகொள்ள என்ன தடை? பலகை மாட்ட இடம் கிடைக்காது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

துடைக்கிறவர் கதைக்கு வருவோம். கோவையில் அந்த வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். ஊர்க் கக்கூஸைக் கழுவுகிறவர்களின் சொந்தக் காலனிகளில் கழிப்பறை ஒழுங்காக இருப்பதில்லை என்பதற்கு முரண் என்று பெயர் வைத்து ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தால் 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தியபோது, இரண்டே நாளில் ஊர் மூக்கைப் பிடித்தது. சாவா மூவாப் பேராட்டுக் கணக்கில் இடையருக்குக் குட்டியும் பாலும் மிஞ்சியது. நம் கழிப்பறைக் கணக்கில் துடைக்கிறவருக்கு என்ன மிஞ்சுகிறது?

ஒரு மனக்கணக்கு

தூய்மை இந்தியா விதிப்படி 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. 250 பெண்கள் உள்ள பகுதிக்குப் பத்து இருக்கை. கட்ட 25 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்குக் கௌரவமான கூலி, கரண்ட், பினாயில், ரிப்பேர், லாரி எல்லாம் சேர்த்து மாதம் 30,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 3,60,000. இது வட்டியில் இருந்தே வர வேண்டுமானால், 7 சதவீத வட்டிக்கு 51 லட்சம் வங்கியில் கிடக்க வேண்டும். கட்டிடத்தைப் போல இரு மடங்கு. மாத அட்டை வைத்துப் பாதிச் செலவை வசூலித்தால்கூட, கட்டிய அளவுக்கு இன்னொரு 25 லட்சம் சும்மா கிடக்க வேண்டும்.

ஆக, நான்கு கழிப்பறை கட்ட நினைப்பவர் இரண்டு கட்டினால் போதும். மீதிப் பணத்தை ஆடாக விடலாம். திறப்பு விழா இரண்டு குறையும்.

இதைச் சொன்னால் தர்மம் செய்கிற நண்பர்கள் வழக்கமாக ஒரு சந்தேகம் கிளப்புவார்கள். அவ்வளவு பணத்தைக் காலனிக்காரர்கள் கையில் எப்படிக் கொடுப்பது, கணக்கு வைத்துக்கொள்வார்களா என்று.

கோவையில் எந்தக் காலனியிலும் மாரியம்மன் நோம்பி உண்டு. பூச்சாட்டுக்கு முன்பே தலைக்கட்டு வரி எவ்வளவு என்று பேசி முடிவாகும். வீட்டுக்கு வீடு வசூல், ரசீது, பாக்கி நிற்பவர் பட்டியல். கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, மாவிளக்கு வைத்து, மஞ்சள் தண்ணி ஊற்றி முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கோயில் முன்னால் எல்லோரும் உட்காருவார்கள். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டை விரித்து ஒருவர் கணக்கு வாசிப்பார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, ரேடியோ செட்டுக்கு இவ்வளவு, பூக்காரருக்குக் கொடுத்தது போக நின்றது இவ்வளவு. நடுவில் ஒரு பாட்டி குறுக்கிட்டு, போன வருசம் தேங்காய் விலை என்ன, இந்த வருசம் என்ன என்று கேட்பார். வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.